தொடங்கலாம், பொறுக்கலாம்

"ஒரு மணிக்கே உட்கார்ந்துடலாமா சார்?" என்று ஹெப்சிபா கேட்டாள். "ஒன்றரைன்னா சௌகரியமா இருக்கும்மா" என்று பகலவன் சொல்லிவிட்டார். அவளும் சரி என்று, சுவரில் இருந்த பெரிய திரையைக்கூட அணைக்காமல், கதவைச் சாத்திக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டாள். இப்போது அந்தக் கண்ணாடி அறைக்குள் அவரும், மனைவி செந்தாமரை கட்டிக்கொடுத்த எலுமிச்சம்பழச் சாதமும், திரையில் ஆறு சிவப்புக் கட்டங்களும்தான். பார்க்கக் கூடாது என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்; எதிர்க் கண்ணாடியில் அதே கட்டங்கள் இடம் வலம் மாறித் தெரிந்தன. சரி, சாப்பிடுவோம் என்று டப்பாவைத் திறந்தார். உருளைக்கிழங்கு வறுவல். வறுவல் பக்கமே போகாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ஆனால் புதன்கிழமை முக்கியமான நாள் என்று அவர் வீட்டில் ஒரு வாரமாக அலட்டிக்கொண்டிருந்ததால் செந்தாமரை தாராளமாக எண்ணெய் விட்டிருக்கிறாள். முக்கியமான நாள்தான், இல்லை என்று யார் சொன்னது? கட்டட வேலையில் ஊறிப்போன ஒரு மனிதனின் தலைக்குள் இருப்பதையெல்லாம் கேட்டுக் கேட்டு வாங்கி ஒரு இயந்திரத்துக்குள் போட்டுவிட்டால், நாளைக்கு எந்த ஊரில் எந்தப் புதுப் பொறியாளன் சைட்டில் முழித்துக்கொண்டு நின்றாலும் அதனிடம் கேட்டுக்கொள்ளலாம், கான்கிரீட் போடத் தொடங்கலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா என்று. அதற்காகத்தான் இரண்டு மாதமாக இந்தக் கிண்டி ஆபீசுக்கு அவரைக் கார் அனுப்பிக் கூட்டி வருகிறார்கள். ஹெப்சிபா கேட்பாள், அவர் சொல்வார், அவள் "ஏன் சார்?" என்பாள், அவர் ஏனென்று சொல்வார், அவள் தட்டிக்கொள்வாள். அந்த "ஏன்" முதலில் இனித்தது. வாழ்நாளில் யாரும் அவரை அப்படி உட்கார வைத்துக் காபி கொடுத்து ஏன் என்று கேட்டதில்லை. முதலாளிகள் எப்போது முடியும் என்பார்கள், வீட்டுக்காரர்கள் எவ்வளவு ஆகும் என்பார்கள். ஏன் என்று கேட்ட ஒரே ஆள் அப்பா, அதுவும் இவரிடம் இல்லை, ஊரிடம் கேட்டார், ஊர் பதில் சொல்லாததால் மேடை போட்டுக் கேட்டார். வறுவலில் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். உப்பு சரியாகத்தான் இருந்தது, மீதியை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

கேட்டு வாங்குவது மட்டும் போதாது என்று போன மாதம் அவள் வேறு மாதிரி ஆரம்பித்தாள். கற்பனை சைட்டுகள். கிழமை, நேரம், வெயில், மழை, ஆட்கள், லாரி எல்லாவற்றையும் இயந்திரமே பகடை உருட்டிய மாதிரி மாற்றி மாற்றிப் போட்டுத் தரும். அவர் இரண்டில் ஒன்று சொன்னால் போதும், தொடங்கலாம் அல்லது பொறுக்கலாம். யோசிக்கவே கூடாது, சட்டென்று சொல்ல வேண்டும், யோசித்தால் புத்தகம் பேச ஆரம்பித்துவிடும், சட்டென்று சொன்னால்தான் சார் உங்களுக்குள்ள இருக்கறது வெளியே வரும் என்றாள். வந்தது, நன்றாகவே வந்தது. திங்கட்கிழமை, காலை எட்டு மணி, மழை இல்லை, கம்பி கட்டிச் சரிபார்த்தாயிற்று, முதல் லாரி வாசலில் நிற்கிறது. "பொறுக்கலாம்." ஏன் சார்? "பள்ளிக்கூட நேரம்மா, ரெண்டாவது லாரி டிராபிக்ல மாட்டிக்கும்." வெள்ளிக்கிழமை, பதினோரு மணி. "பொறுக்கலாம். நடுவுல சாப்பாட்டு நேரம் வந்துடும், போட்டது பாதியில இறுகி ஜாயின்ட் விழுந்துடும்." செவ்வாய்க்கிழமை, மூன்றரை. "பொறுக்கலாம். இருட்டறதுக்குள்ள முடியாது." புதன்கிழமை, உச்சிப் பொழுது. "பொறுக்கலாம், இந்த வெயில்ல போட்டா தண்ணி சுண்டிடும்." "மேகமூட்டம், குளிர்ந்த காற்றுன்னு போட்டிருக்கே சார்?" "இருந்தாலும் பொறுக்கலாம்மா." "சரி சார்." அவள் தட்டிக்கொண்டாள். இருந்தாலும் என்ற வார்த்தையையும் சேர்த்துத் தட்டினாளோ என்னவோ. அவர் என்ன கண்டார், ஒவ்வொரு சாக்கும் தனித்தனியாகத்தான் வந்தது, ஒவ்வொன்றும் வருகிறபோது உண்மையாகத்தான் இருந்தது. இயந்திரத்துக்கு அந்தத் தயவு தாட்சண்யம் எல்லாம் கிடையாது. சாக்குகளையெல்லாம் வழித்துத் தள்ளிவிட்டு, இந்த மனிதர் என்ன சொல்லியிருந்தாலும் சரி, இந்தக் கிழமை இந்த நேரம் என்றால் பொறுக்கலாம்தான், வேறு எதுவும் இவருக்குப் பொருட்டில்லை என்று கண்டுபிடித்து, காலையில் சுவர் முழுக்கச் சிவப்பாகப் போட்டுக் காட்டிவிட்டது. திங்கள் முதல் சனி வரை, கிழமைக்கு ஒன்று. மேலதிகாரி சென்குப்தா வந்தார், கல்கத்தாக்காரர், தமிழ்க் காலண்டரையே பார்த்திராதவர், திரையைப் பார்த்து அசந்துபோனார். எந்த விதிப் புத்தகத்திலும் இது இல்லை, இத்தனை வருஷ அனுபவத்தின் சாரம் இது, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தோம் என்று பகலவனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இயந்திரத்துக்கு அவர் பெயரையே வைக்கலாம் என்றும் ஒரு பேச்சு இருக்கிறதாம். பக்கத்தில் காரணம் என்று ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. "மத்தியானம் உட்கார்ந்து அதை மட்டும் நிரப்பிட்டா போதும் சார், நாளைக்கு எல்லா ஊர் சைட்டுக்கும் போயிடும்" என்றாள் ஹெப்சிபா. அவர் தலையாட்டினார். தலைதான் ஆடியது, முகம் எங்கே போயிற்றென்று அவருக்குத் தெரியவில்லை.

ராகு காலம். நாள்காட்டித் தாளை ஒரு முறையாவது கிழித்தவனுக்குத் தெரியும். நேர வரிசைப்படி ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு வாக்கியம்கூட இருக்கிறது, திருவிழா சந்தடியில் வெளியில் புகுந்து விளையாடச் செல்வது ஞாயமா, திங்கள் சனி வெள்ளி புதன் வியாழன் செவ்வாய் ஞாயிறு, முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு ஏழரையிலிருந்து ஒன்றரை ஒன்றரை மணி நேரமாகப் போய்க்கொண்டே இருக்கலாம். இதை அவர் வீட்டில் கற்கவில்லை. வீட்டில் இதைச் சொன்னால் அப்பா தோலை உரித்திருப்பார். மன்னார்குடியில் பக்கத்து வீட்டுப் பெண்கள் பாண்டி ஆடும்போது சொன்னது, காதில் விழுந்து, போகமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா? ஹெப்சிபா மார்த்தாண்டத்துப் பக்கம், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், அவர்கள் வீட்டில் இதெல்லாம் பார்க்கமாட்டார்கள். ஆனால் காலண்டர் எல்லார் வீட்டிலும்தானே தொங்குகிறது. தெரிந்திருந்தால் சிரித்திருப்பாள். சிரிக்கவில்லை. தெரிந்தும் சிரிக்காமல் இருந்தால்? சிரித்திருந்தால்கூடச் சேர்ந்து சிரித்துச் சமாளித்திருக்கலாம், அடடே, என்ன ஒற்றுமை பாருங்கள் என்று. அவர் யார், பகலவன், தந்தி ஆபீஸ் சிந்தனையரசுவின் பிள்ளை. ஊரே ராகு காலம் எமகண்டம் என்று கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது தேடிப் பிடித்து ராகு காலத்தில் கல்யாணம் செய்துகொண்ட சிந்தனையரசு. பிள்ளையை ராகு காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார், ராகு காலத்தில் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டினார், பிள்ளைக்கும் ராகு காலத்தில்தான் கல்யாணம், செந்தாமரை மேடையில் ஏறும்போது அவர் காதில் "எப்ப கட்டினா என்ன, எனக்குப் பசிக்குது" என்றாள், அவளுக்கு நம்பிக்கையும் கிடையாது மறுப்பும் கிடையாது, கொடுத்துவைத்தவள். ஆனால் அந்தக் கல்யாணத்துக்கு ரொம்ப முன்னாலேயே ஒரு கிரகணம். நடுத்தெருவில் பாய் விரித்து அப்பாவும் தோழர்களும் புளியோதரை சாப்பிட்டார்கள், நடுவில் அவர், எட்டு வயசு, நல்லா அள்ளிச் சாப்பிடுடா, எல்லாரும் பார்க்கட்டும். எல்லாரும் பார்த்தார்கள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்றுகொண்டு, அப்பாவைப் பார்க்காமல் அவரையே பார்த்தார்கள், பாவம் பிள்ளை, என்னமோ ஆகப்போவுது என்கிற முகத்தோடு. வெளிச்சம் பழுத்துப்போய் ஒரு மாதிரி இருந்தது. ஒன்றும் ஆகவில்லை, வாந்திகூட எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மட்டும் பையன்கள் கொஞ்ச நாள் கிண்டல் செய்தார்கள், ராகு விழுங்குறது பகலவனைத்தானேடா, உன்னை எப்படா விழுங்குவான் என்று.

அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எழுந்து நின்றார். கண்ணாடிக்கு அப்பால் ஹெப்சிபா தன் மேசையில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கைபேசியில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கைபேசியைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள், தன்னை இல்லை. உட்கார்ந்தார். சம்பந்தமே இல்லை, இது ஆரம்பித்தது ஆட்களுக்காக. உத்தியோகத்துக்கு வந்த புதிதில் மேஸ்திரி ஆரோக்கியம் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நிற்பார், "சார், செத்த நேரம் போவட்டும் சார், ஆளுங்க கை வைக்க யோசிக்கிறாங்க." இளம் பொறியாளர் பகலவன் சிரித்துவிட்டு, சரி, உங்க மனசுக்காக என்பார். அந்தப் பெருந்தன்மை அவருக்கே ரொம்பப் பிடித்திருந்தது. நம்பிக்கை இல்லாதவன் நம்புகிறவனுக்காகக் காத்திருக்கிறான், இதைவிடப் பண்பாடு என்ன வேண்டும்? அப்படிக் காத்திருந்ததில் வருஷங்கள் போயின, ஆரோக்கியம் போனார், ஆட்கள் வளைகுடாவுக்கும் திருப்பூருக்கும் போனார்கள், ஒடிசாவிலிருந்து பையன்கள் வந்தார்கள். அவர்களுக்கு நம் ஊர் காலண்டரைப் பற்றிக் கவலை இல்லை. மம்மட்டியும் வைப்ரேட்டருமாகத் தயாராக நின்றுகொண்டு அவர் முகத்தைப் பார்த்தார்கள், ஆரம்பிக்கலாமா சாப்? அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது, காத்திருக்கிற ஆட்கள் எல்லாரும் போய்விட்டார்கள், தான் மட்டும் இன்னும் காத்திருக்கிறோம் என்று. இரு, கம்பிக்கு அடியில வைக்கிற கவர் பிளாக் சரியா இருக்கான்னு இன்னொரு தரம் பார்த்துடறேன் என்று கம்பிகளுக்கு நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், கடிகாரத்தையும் பார்த்தார். அதற்குப் பிறகு எத்தனை கவர் பிளாக், எத்தனை நூல் பிடித்தல், எத்தனை தரம் பம்ப் குழாயைக் கழற்றி மாட்டச் சொன்னது. ரொம்ப நுணுக்கமான ஆள் சார் என்று முதலாளிகள் மத்தியில் பேர் வந்தது. இன்றைக்கு இந்த நாற்காலியில் அவரை உட்கார வைத்திருப்பதே அந்தப் பேர்தான். அதை நினைத்ததும் காது மடல் சுட்டது. பேர் மட்டும் என்றால் போகட்டும், தன் மானத்தோடு போயிற்று என்று விட்டுவிடலாம். லாரி? வெயிலில் வரிசையாக நின்ற ரெடிமிக்ஸ் லாரி, உருளை சுற்றிக்கொண்டே இருக்கிறது, உள்ளே கான்கிரீட் நிமிஷத்துக்கு நிமிஷம் இறுகுகிறது, வேளச்சேரி சைட்டில் ஒரு டிரைவர் இரண்டு மூன்று முறை வந்து கேட்டுப் பார்த்துவிட்டு, பிறகு தானே ஏறி ஹோஸ் குழாயை உருளை வாய்க்குள் விட்டுத் தண்ணீரைத் திறந்தான். இளகட்டும் என்று. பகலவன் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் இருந்த வேப்பமரத்தைப் பார்த்தார். இதே ஹெப்சிபாவுக்கு முதல் வாரமே அவர் கொடுத்த விதி என்ன? வந்த கான்கிரீட்டில் சைட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் பலம் போயிற்று, அந்த லாரியைத் திருப்பி அனுப்பு, மேசையைத் தட்டிச் சொன்னார், அவளும் தடித்த எழுத்தில் போட்டுக்கொண்டாள். அந்தக் கட்டடம் நிற்கிறது, ஒன்றும் ஆகவில்லை, மாடியில் துணி காய்கிறது. வேளச்சேரி வழியாகப் போகும்போது மட்டும் அவர் பஸ்ஸில் அந்தப் பக்கத்து இருக்கையில் உட்காருவதில்லை.

கைபேசி அதிர்ந்தது. அப்பா. எண்பத்தெட்டு வயசு, காது மந்தம், குரலுக்கு மட்டும் வயசே ஆகவில்லை. "என்னப்பா, சாப்பிட்டியா? மிஷினுக்குப் பாடம் முடிஞ்சுதா?" "இன்னும் கொஞ்சம் இருக்குப்பா." "சத்தமா சொல்லு." "கொஞ்சம் இருக்குப்பா, மத்தியானம் முடிஞ்சுடும்." "முடிச்சுடு, முடிச்சுடு. இங்க படிப்பகத்துல எல்லார்ட்டயும் சொல்லியிருக்கேன். என் மவன் மூளைய மிஷின்ல ஏத்துறாங்கய்யா, நல்ல நேரம் கெட்ட நேரம் எதுவும் பார்க்காத மூளை, காரணம் கேட்டா காரணம் சொல்ற மூளைன்னேன். வர்ற ஞாயித்துக்கிழமை நீ வந்து ஒரு பத்து நிமிஷம் பேசணும்னு கேக்குறாங்க." "ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குப்பா?" "சாயங்காலம் அஞ்சு மணி. ஏன், வேலை இருக்கா?" நாலரையிலிருந்து ஆறு, ஞாயமா. நாக்கு நுனி வரை வந்துவிட்டது, ஆறு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாமே என்று. வெயில் தாழ்ந்துடும்பா, கூட்டமும் வரும். சாக்குகூடத் தயார். "இல்லப்பா, வரேன்." "அதானே பார்த்தேன். நல்லா சாப்பிடு" என்று வைத்துவிட்டார். பகலவன் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். வெட்கமாக இருந்தது. அப்பாவை ஏமாற்றிவிட்டோம் என்கிற வருத்தம்கூட அப்புறம்தான், முதலில் வெட்கம், வேட்டி அவிழ்ந்ததை யாரும் பார்க்காத இடத்தில்கூட வருமே, அந்த வெட்கம். பக்தனாக இருந்திருந்தால் கௌரவமாகச் சொல்லியிருக்கலாம், நான் ராகு காலத்தில் கை வைப்பதில்லை, அது என் நம்பிக்கை என்று. அதற்கும் வழியில்லை. அவருக்கு நம்பிக்கை இல்லை, சத்தியமாக இல்லை, ராகு என்று ஒரு கிரகமே இல்லை என்று அரை மணி நேரம் பேசுவார், படம் போட்டுக் காட்டுவார். நம்பிக்கை இல்லாமல் பயம் மட்டும் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதற்கு எந்தக் கட்சியிலும் இடமில்லை.

காரணம் எழுதுவது கஷ்டமில்லை, அதுதான் பயங்கரம். உட்கார்ந்தால் ஒரு பக்கம் எழுதித் தருவார். நகர்ப்புறப் போக்குவரத்து நெரிசல், உழைப்பாளிகளின் சோர்வு, வெப்ப ஏற்ற இறக்கம், மூன்றையும் குழைத்துப் பூசி மெழுகினால் ஒரு பயல் கண்டுபிடிக்க முடியாது, சென்குப்தா இன்னொரு தரம் கையைக் குலுக்குவார். அப்புறம்? நாளைக்கு மதுரையில், சேலத்தில், ஹைதராபாத்தில், தமிழே தெரியாத ஊரில், இருபத்திரண்டு வயசுப் பெண் ஒருத்தி தலையில் மஞ்சள் தொப்பியோடு நிற்பாள், வாசலில் லாரி நிற்கும், இயந்திரத்தைக் கேட்பாள், அது பொறுக்கலாம் என்னும். ஏன் என்று கேட்டால் வெப்ப ஏற்ற இறக்கம் என்னும். அவள் நம்புவாள், இவருடைய அப்பா மேடை போட்டு எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தது அதுதானே, காரணம் சொன்னால் நம்பு. உருளை சுற்றும். எங்கோ ஒரு டிரைவர் ஹோஸ் குழாயை எடுப்பான். இவராவது வேப்பமரத்தைப் பார்த்தார், அவளுக்கு எதைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்றுகூடத் தெரியாது. இன்னொரு சாக்கும் இருக்கிறது, கொஞ்சம் உசத்தியான சாக்கு, ரொம்ப நாளாகப் பத்திரமாக வைத்திருக்கிறார்: ராகு காலத்தில் போட்ட தளம் ஒன்று தப்பித் தவறி விழுந்துவைத்தால், பார்த்தியா, நாத்திகன் ஆரம்பித்த வேலை என்று ஊர் அப்பாவைத்தானே பேசும், அந்தப் பழி வரக் கூடாது என்றுதான் ஒதுங்கினேன், கொள்கையைக் காப்பாற்றத்தான் கொள்கையை மீறினேன். எவ்வளவு அழகாக இருக்கிறது. அந்த ஜன்னல் கம்பி முகங்கள் என்ன சொல்லும் என்பதற்கு ஐம்பது வருஷமாகப் பயந்ததற்கு இப்படி ஒரு பட்டுத்துணி. ஒன்றுமே விழவில்லை, ஒன்றுமே ஆகவில்லை, ஏனென்றால் ஒரு தரம்கூட அவர் ஆரம்பித்துப் பார்க்கவில்லை. காலையில் அந்தப் பெண்கூடச் சொன்னாள், சாதாரணமாகத்தான் சொன்னாள், "இந்த நேரத்துல நீங்க ஒரு தடவைகூட தொடங்கலாம்னு சொல்லலை சார். ஒண்ணு ரெண்டாவது மாறி இருந்தா மிஷினுக்குச் சந்தேகம் வந்திருக்கும். இப்ப அது அடிச்சுச் சொல்லுது." கற்பனை லாரி, கற்பனை வெயில், கற்பனைத் தளம். விழுந்தால்கூட யார் தலையிலும் விழாத கான்கிரீட். அதற்குக்கூட அவரால் தொடங்கலாம் என்று சொல்ல முடியவில்லை.

சொல்லிவிட வேண்டும். டப்பாவை மூடினார், பாதிக்கு மேல் மிச்சம், செந்தாமரை கேட்பாள். போய்ச் சொல்லிவிட வேண்டும், என்ன ஆகிவிடும், இயந்திரத்துக்குப் பேர் வைக்கமாட்டார்கள், கார் வராது, பஸ்ஸில் போவார். அந்தப் பெண் சிரித்தால் சிரிக்கட்டும், சாப்பாட்டு நேரத்தில் எல்லாரிடமும் சொல்லட்டும். எழுந்து கைப்பிடியில் கையை வைத்தார். கதவுக்கு மேலே கடிகாரம் இருந்தது. ஒன்றே கால். கொஞ்சம் பொறுத்துப் போகலாம் என்று கை தானாகக் கீழே இறங்கியது. சாப்பிட்டுக்கொண்டிருக்கிற பெண்ணைப் போய்த் தொந்தரவு செய்வானேன், ஒன்றரை என்றுதானே சொன்னோம், ஒன்றரைக்கே போகலாம். நாற்காலிக்குத் திரும்பி, உட்காரப் போய், பாதியில் நின்றுவிட்டார். ஒன்றரை. இன்றைக்குப் புதன்கிழமை. அவள் ஒரு மணி என்றாள், ஒன்றரை என்று சொன்னது யார்? நாக்கு சொன்னது, அவரைக் கேட்காமலே, சௌகரியமாக இருக்கும் என்று ஒரு காரணத்தையும் தானே சேர்த்துக்கொண்டு. ராகு காலத்துக்குப் பயப்படுகிறேன் என்ற உண்மையைச் சொல்ல ராகு காலம் முடியட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, சிரிப்பும் வருகிற மாதிரி இருந்தது, இரண்டும் ஒரே இடத்தில் வந்து அடைத்துக்கொண்டதில் இருமல்தான் வந்தது. எவ்வளவு கேவலம். இதை இயந்திரம்கூடக் கண்டுபிடித்திருக்காது. கதவைத் திறந்துகொண்டு வேகமாக நடந்தார், நின்றால் திரும்பிவிடுவோம் என்று அவருக்குத் தெரியும்.

ஹெப்சிபா தயிர்சாதத்தில் கையோடு நிமிர்ந்தாள். "என்ன சார், ஏதாவது வேணுமா?" "அந்தச் சிவப்புக் கட்டம்மா." "ஆமா சார்." "அதுக்குக் காரணம் கேட்டீங்கள்ல. அது வந்து." பக்கத்து மேசையில் ஒருவன் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தான், அவனுக்குக் கேட்காது. "அது ராகு காலம்மா." அவள் சிரிக்கவில்லை. டப்பாவின் மூடியை எடுத்து மெதுவாக மூடினாள். "தெரியும் சார்" என்றாள். "எங்க வீட்டுல காலண்டர் தாள் கிழிக்கறது என் வேலை சார். கீழ சின்னதா போட்டிருக்கும்." "எப்பலேருந்து தெரியும்?" "போன வாரமே. நீங்களா சொல்லுவீங்கன்னுதான் அந்தக் கட்டத்தைக் காலியா விட்டேன். நான் எப்படி சார் போட்டுக்கிட முடியும்?" அவள் குரலில் கேலி இல்லை, அதுதான் அவரைக் குனிய வைத்தது. கேலி இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். "எனக்கு நம்பிக்கை கிடையாதும்மா" என்றார், கேட்காத கேள்விக்கு. "சரி சார்." "எங்க அப்பா ராகு காலத்துல கல்யாணம் பண்ணிக்கிட்டவர்." "சரி சார்." ஈரத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு மேசைக் கணினியை அருகில் இழுத்தாள். அந்த விதி திரையில் வந்தது, பக்கத்தில் காலிக் கட்டம். "காரணம்னு என்ன போடட்டும் சார்? ஏதாவது போட்டாத்தான் அடுத்த படிக்குப் போகும், வேணாம்னு எடுக்கறதா இருந்தாலும்." அவர் யோசித்தார். யோசித்தால் புத்தகம் பேச ஆரம்பித்துவிடும். "பயம்னு போடுங்க" என்றார். அவள் ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு மூன்றெழுத்தையும் தட்டினாள். அவர் வாழ்க்கையில் எந்த விதிக்கும் இவ்வளவு சின்னக் காரணம் சொன்னதில்லை. நெஞ்சில் ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. "விதியை எடுத்துடவா சார்? எடுத்துட்டா, லாரி வந்து எல்லாம் சரியா இருந்தா அது தொடங்கலாம்னு சொல்லிடும். எந்த நேரமா இருந்தாலும்." "எடுத்துடுங்கம்மா." "சென்குப்தா சார்கிட்ட நான் பேசிக்கிடுதேன். நீங்க கவலைப்படாதீங்க." அவள் விரல் பொத்தானுக்கு மேலே போயிற்று. அவர் அந்த விரலைப் பார்த்தார், விரலுக்குப் பின்னால் திரையின் மூலையில் மணியைப் பார்த்தார். மதுரை, சேலம், ஹைதராபாத், எல்லா ஊரிலும் எல்லாத் தளமும் ஒரே நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தன.

"ஒரு நிமிஷம்மா" என்றார். "ஒன்றரைக்கு மேல எடுங்க."

அவள் விரலை எடுத்துவிட்டாள். பக்கத்தில் இருந்த நாற்காலியை அவருக்காக இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்தார், தலையை நிமிர்த்தவே இல்லை.